பாடாத மீன்

மட்டக்களப்பு என்று ஊரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: "அங்கே மீன் பாடுமாமே?" கொழும்பில் கேட்டிருக்கிறார்கள், சென்னையில் கேட்டிருக்கிறார்கள், வெளிநாட்டில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் கேட்டார். முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை வாவிக்குள் இறக்கி, வெளியே நிற்கும் முனையில் காதை வைத்தால் கேட்கும் என்று நானும் ஒப்புவிப்பேன். 1848இல் காலனித்துவச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் அப்படிக் கேட்டு எழுதி வைத்தார். அவருக்கு எங்களூர் மீனவர்கள் காட்டியது மீனை அல்ல, சேற்றில் கிடக்கும் ஊரியை. ஊரிதான் அந்தச் சத்தத்தைப் போடுகிறது என்பது அவர்கள் கட்சி. பிறகு எப்படியோ பெருமை முழுவதும் மீனுக்குப் போய்விட்டது. விபுலானந்த அடிகள் அந்த இசையை நீரரமகளிரின் பாட்டாகவே ஆக்கிவிட்டார். மீன்பாடும் தேன்நாடு என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம்.

நான் பாட்டைக் கேட்டதில்லை. என் பிள்ளைப் பருவத்தில் மீன் போட்டு நான் கேட்ட சத்தம் வேறு. முதல் மாரி மழை அடித்து ஓய்ந்த இரவில், வரம்பு ஓரத்துக் கோரைக்குள்ளே காய்ந்த ஓலையை யாரோ இழுத்துப் போவதுபோல் சரசரவென்று வரும். அரிக்கன் லாம்பை உயர்த்திப் பிடித்தால் புல்லுக்குள் கறுப்பாக ஏதோ துள்ளும், நிற்கும், மறுபடி துள்ளும். பனையான். தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்கிறார்கள். கெண்டைக்கும் அதற்கும் உறவே கிடையாது என்பது வேறு கதை.

எங்கள் வீடு படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே போகும் வீதியில் இருந்தது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாய் எழுவான்கரை. நகரமும் ஆசுப்பத்திரியும் பெரிய பள்ளிக்கூடங்களும் அந்தப் பக்கம். மேற்கே படுவான்கரை; வயலும் மாடும் குளமும் எங்கள் பக்கம். இடையில் மண்முனையில் பாதை ஓடும். பாதை என்றால் எங்களுக்கு வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. வாவி உப்பும் நன்னீரும் கலந்தது. கோடையில் கடல்பக்கம் கரிக்கும். மாரியில் ஆறுகள் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்ட, உப்பு அடங்கி, நீர் வயல்களின் கால்மாடுவரை ஏறிவிடும். முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லிச் சத்தம் எழும்பும். அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு வாவி எங்கே முடிகிறது, வில்லுக்குளம் எங்கே தொடங்குகிறது, வயல் எது, வாய்க்கால் எது என்று பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே தண்ணீர். பனையானின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே தண்ணீரை நம்பியது.

அப்புச்சிக்கு வயல் வட்டையில் கொஞ்சம் சொந்த நிலம் இருந்தது. மிச்சத்துக்குப் பெரிய நிலக்காரரான ஒரு போடியாரிடம் வயல் வேலை பார்க்கும் முல்லைக்காரராக இருந்தார். மீன் பிடிப்பது அவருக்குத் தொழிலல்ல. வயலுக்குப் போனவர் திரும்பும்போது கையோடு கொண்டுவரும் கறி, அவ்வளவுதான். ஐப்பசியில் முதல் இடி இடித்ததும் அவர் வானத்தைப் பார்க்கமாட்டார், வக்கடையைப் பார்ப்பார். மேல் வயலில் நிறைந்த தண்ணீர் வரம்பின் வாய் வழியே கீழ் வயலுக்கு விழும் இடம் அது. "மனே, தண்ணி எங்கால வருதோ அங்காலதான் அது போகும். கீழ நிண்டு தேடாத, மேல போய் நில்லு" என்பார். அப்படியேதான் நடக்கும். பெருக்கோடு இறங்கிப் போகிற மீனை நான் அதிகம் கண்டதில்லை. பெருக்கை எதிர்த்து, விரலாழ நீரில் முதுகு முழுவதும் வெளியே தெரிய, ஏறிக்கொண்டே இருக்கும். வக்கடையில் விழுகிற தண்ணீர் கூடுதலாயிருந்தால் பனையான் அதோடு மல்லுக்கட்டாது. பக்கத்து நனைந்த வரம்பில் ஏறி, புல்லுக்குள்ளால் போய், அந்தப் பக்கத்து வயலில் இறங்கும்.

அந்த நடையை லாம்பு வெளிச்சத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். மீனுக்குக் கால் இல்லை. பனையானுக்கு அந்த வேலையைச் செய்வது செவிள் மூடி. மற்ற மீன்களின் செவிள் மூடி வழுவழுப்பாக இருக்கும். இதன் மூடியின் ஓரமெல்லாம் அரத்தின் பல்லாக முள் முள்ளாய் இருக்கும். மூடியை விரித்து முள்ளை நிலத்தில் ஊன்றும். வாலால் ஒரு உதை. உடம்பு முன்னால் வரும். அடுத்த பக்கத்து மூடியை ஊன்றும். இடைக்கிடை ஒரு பக்கமாய்ச் சரிந்து, நின்று, வாயைத் திறந்து மூடி, மறுபடி ஊன்றும். நேராகவும் போகாது. புல் எந்தப் பக்கம் இடம் விடுகிறதோ அந்தப் பக்கம். பெரும்பாலும் இரவில்தான் புறப்படும், அல்லது விடியப் பனி காயுமுன். வெயில் ஏறினால் எங்கேயாவது மாட்டுக் குளம்புத் தடத்தில் தேங்கிய நீருக்குள் கிடக்கும். ஈரம் மட்டும் இருந்தால் போதும், ஒரு நாளுக்கு மேலும் வெளியில் உயிரோடு இருக்கும்.

இது எப்படி முடிகிறது என்று அப்போது நான் கேட்டதில்லை. மீன் என்றால் சாகும், பனையான் என்றால் சாகாது, அதுதான் அறிவு. பின்னால் படித்தபோதுதான் விளங்கியது. செவிளுக்கு மேலே, தலைக்குள் ஒரு அறை இருக்கிறது. அதற்குள்ளே மெல்லிய எலும்புத் தகடுகள் ரோசாப்பூ இதழ்களாக மடிந்து மடிந்து இருக்கும். மேலே போர்த்திய தோலில் இரத்தக் குழாய்கள் நெருங்கிக் கிடக்கும். வாயால் விழுங்கிய காற்று அங்கே போய்த் தங்கி ஒட்சிசனைக் கொடுக்கும். 1970இல் ஹியூஸ், சிங் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், நீரிலும் காற்றிலும் மூச்சு விட வசதியிருக்கும்போதுகூட இந்த மீன் தனக்கு வேண்டிய ஒட்சிசனில் ஏறக்குறைய பாதியைக் காற்றிலிருந்தே எடுக்கிறது என்று கண்டார்கள். செவிள் மட்டும் அதற்குப் போதாது. மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் தடுத்தால் பனையான் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

அப்புச்சி வாய்க்காலில் பறி வைக்கும்போது அதன் மேல்நுனி ஒரு சாணாவது நீருக்கு வெளியே நிற்கும்படி வைப்பார். முழுவதும் அமிழ்த்திவிட்டால் விடிய எடுக்கும்போது பனையானும் அதைப்போலவே காற்றை விழுங்கும் சுங்கானும் விறைத்துக் கிடக்கும். மீனைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்லலாம் என்பதைப் படுவான்கரையில் ஐந்து வயதுப் பிள்ளையும் அறியும். நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது இதைச் சொல்லி ஒரு மாஸ்டரிடம் பொய்யன் என்று பெயர் வாங்கினேன். அடுத்த வருடம் உயிரியல் புத்தகத்தில் அது இருந்தது. அவர் அந்தப் பக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை.

பனையில் ஏறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த மீனின் புகழ் எழுந்தது தரங்கம்பாடியில். அங்கே டேனிஷ்காரர்களின் படையில் லெப்டினன்டாக இருந்த டால்டோர்ஃப் என்பவர், 1791 நவம்பரில், குளத்தங்கரைப் பனை ஒன்றின் பட்டை வெடிப்பில், நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் மேலே ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். 1797இல் இலண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. ஏறும் மீன் என்று அவர் வைத்த பெயர் உலகெல்லாம் பரவிற்று. ஆனால் பெயர் வைப்பதில் அவரை முந்திக்கொண்டார் மீன்களை ஆய்ந்த பிளொக். ஆமையின் பெயரை 1792இலேயே இட்டுவிட்டார். அறிவியலில் இன்றும் நிற்பது அந்த ஆமைப் பெயர்தான். பின்வந்தவர்கள் டால்டோர்ஃபைச் சந்தேகித்தார்கள். காகமோ பருந்தோ கொத்திக்கொண்டு போய் மட்டைக்குள் செருகிய மீன் உயிரோடு கிடந்திருக்கும், அதைக் கண்டவர்கள் ஏறியது என்று எண்ணியிருப்பார்கள் என்பது ஒரு விளக்கம். நான் டால்டோர்ஃபின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். நவம்பரில் தரங்கம்பாடியில் என்ன மழை பெய்யும் என்பது அந்தக் கரையிலும் எங்கள் கரையிலும் இருப்பவர்களுக்குத் தெரியும். பனையின் பட்டையில் தண்ணீர் வழிந்து கொண்டிருந்திருக்கும். வழிகிற தண்ணீரை எதிர்த்து ஏறுவது இதன் குணம். செங்குத்தாய் நிற்பது பனை என்று அதற்கு யார் சொல்வது? ஐந்தடியை ஒப்புக்கொள்கிறேன். வட்டுவரை ஏறிக் கள் குடித்தது என்று சொல்பவர்களை மட்டும் நம்பமாட்டேன். அப்படிச் சொல்ல எங்களூரிலும் ஆட்கள் இருந்தார்கள், பெரும்பாலும் கள் குடித்தவர்கள்.

டெனன்ட் பாட்டைக் கேட்டதோடு நிற்கவில்லை. 1861இல் வந்த இலங்கை இயற்கை வரலாற்று நூலில் தரையில் நடக்கும் மீன்களுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். திருகோணமலையில் அரசாங்க அதிபராயிருந்த மொறிஸ் அவருக்கு எழுதிய கடிதம் அதில் இருக்கிறது. உடைந்த குளக்கட்டு ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில் பெருமழை பிடித்துக்கொள்ள, மொறிஸ் ஒதுங்கி நிற்கிறார். குளத்தின் ஓரத்தில் ஒரு கூழைக்கடா வயிறு முட்டத் தின்று கொண்டிருக்கிறது. கூட வந்தவர்கள் ஓடிப் பார்த்தால், மழைநீர் வழிந்த ஓடைகளில் புல்லுக்குள்ளால் மீன்கள் திரள் திரளாய் மேட்டை நோக்கி ஏறுகின்றன. உடம்பு மறையத் தண்ணீர் இல்லை. குளத்திலிருந்து நாற்பது யார் தள்ளிக்கூடப் பிடித்தார்களாம், இரண்டு புசல் அளவு. இந்தக் கடிதத்தை முதன்முதல் படித்தபோது எனக்கு மொறிஸைவிட அந்தக் கூட வந்தவர்கள்தான் கண்ணில் நின்றார்கள். அவர்களுக்கு அது அதிசயமாயிருந்திருக்காது. துரை ஏன் வாயைப் பிளந்து நிற்கிறார் என்று பார்த்திருப்பார்கள். பிறகு சால்வையை அவிழ்த்து மீனைப் பொறுக்கியிருப்பார்கள்.

எதற்காக இந்தப் பாடு? முட்டைக்காக. கோடை முழுவதும் குளத்தின் ஆழத்தில், மடுவில், சேற்றில் பொறுத்துக்கிடந்த மீனுக்கு மாரியின் புதுத்தண்ணீர்தான் கல்யாண ஓலை. புதிதாய் நனைந்த வயலில் பெரிய மீன் இல்லை, சூடு இருக்கிறது, புழுவும் பூச்சியும் நுளம்பின் கூத்தியும் நிறைய. பனையானின் முட்டைக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் அது மிதக்கும். ஒரு பெட்டை ஆயிரக்கணக்கில் போடும். போட்டுவிட்டு அப்படியே போய்விடும். விரால் தன் குஞ்சுத் திரளுக்குக் கீழே நின்று காவல் காக்கும். யாராவது கை வைத்தால் பாய்ந்து கடிக்கும். பனையானுக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது. கூடு கட்டாது, காவல் நிற்காது, திரும்பிப் பார்க்காது. முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். தலைக்குள்ளிருக்கும் காற்றறை முதிரச் சில வாரம் ஆகும். அதுவரை அதுவும் மற்ற மீன்குஞ்சைப்போல நீரை மட்டும் நம்பியிருக்கும். தீனி குறைந்தால் ஒரே வயிற்றுக் குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்கும். நல்ல மீன் என்று நான் சொல்லவரவில்லை.

வளர்ந்தபின் எதையும் தின்னும். பூச்சி, இறால், சின்ன மீன், பாசி, நுளம்பின் கூத்தி, வயலில் உதிர்ந்த நெல். நெல் தின்னும் மீன் என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். அறுவடைக் காலத்தில் பிடித்த பனையானின் வயிற்றைப் பாட்டி, எங்கள் பெத்தா, கீறும்போது உமியோடு நெல்மணி வெளியே வரும். "போடியாருக்குத் தெரிஞ்சா இதுக்கும் குத்தகை கேப்பார்" என்று ஒவ்வொரு முறையும் ஒரே பகிடியைச் சொல்லுவா.

ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்து வில்லுகள் வற்றும். நாள்பட நாள்பட நீர் சுருங்கி நடுவில் ஒரு மடுவாக நிற்கும். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கரை முழுவதும். அப்போதுதான் கரப்புக் குத்து. ஊரே இறங்கும். அடியும் முடியும் திறந்த, கம்புகளால் பின்னிய கூடை கரப்பு. வரிசையாக நின்று குத்திக் குத்தி முன்னே போவார்கள். உள்ளே மீன் அகப்பட்டால் கரப்புச் சுவரில் முட்டும் அதிர்வு கைக்குத் தெரியும். மேல்வாயால் கையை விட்டுப் பிடிக்க வேண்டும். சுங்கான் என்றால் முள்ளால் குத்தும், அந்தக் கடுப்பு பொழுது சாயும்வரை நிற்கும். விரால் வழுக்கும். பனையான் வழுக்காது, குத்திவிட்டுப் பிடிகொடுக்கும். முதுகுச் செட்டையில் பதினாறுக்குக் குறையாத முள், வயிற்றுப்புறத்தில் ஒன்பது பத்து, செவிள் மூடியில் அந்த அரம். தலைப்பக்கமிருந்து வாலுக்கு உள்ளங்கையால் தடவி முள்ளைப் படியவைத்துக்கொண்டே பிடிக்க வேண்டும். எதிர்த்திசையில் தடவியவன் அடுத்த மூன்று நாளைக்குச் சோறு பிசையமாட்டான்.

கையில் ஒன்று இருக்கும்போது அடுத்ததும் அகப்பட்டால் என்ன செய்வது? முதல் மீனைப் பல்லால் கடித்துக்கொண்டு இரண்டாவதைப் பிடிப்பது பலருக்குப் பழக்கம். எல்லா மீனுக்கும் அது சரிவரும், பனையானுக்கு மட்டும் ஆகாது. வழுக்கித் தொண்டைக்குள் போனால் அது முன்னால்தான் போகும். பின்னால் இழுத்தால் செவிள் மூடியை விரித்துக்கொள்ளும். எங்கள் அயலூரில் ஒருவர் அப்படி மூச்சடைத்து, மாட்டு வண்டிலில் ஏற்றி, பாதை வரும்வரை துறையில் காத்திருந்து, ஆசுப்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார். பிறகு அவர் குரல் மாறிவிட்டது. இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் வைத்தியர்கள் இதே விபத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பின்னால் அறிந்தேன். அவுஸ்திரேலியாவுக்கு இந்த மீன் என்றால் பயம். நியூகினியாவிலிருந்து டொரஸ் நீரிணையின் சாய்பாய், போய்கு தீவுகள்வரை வந்துவிட்டது. பெருநிலத்துக்கு வந்தால் அதை விழுங்கப் பார்க்கும் பறவைகளும் பிராணிகளும் தொண்டை அடைத்துச் சாகும் என்று அஞ்சுகிறார்கள். எங்கள் கொக்குகள் தலைமுறை தலைமுறையாய்ப் பழகியவை. தலையை முன்வைத்து விழுங்க அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பிடித்த மீன் உயிரோடு வீட்டுக்கு வரும். பெத்தா அதைப் பெரிய மண்சாடியில் நல்ல தண்ணீர் விட்டுப் போட்டு, மூடி, மூடிமேல் அம்மிக்குழவியை ஏற்றுவா. இல்லையென்றால் விடிய அடுப்படி மூலையில், விறகுக்குள், ஒருமுறை கிணற்றுக்கட்டின் ஈரத்தில் எல்லாம் தேட வேண்டிவரும். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் கிடந்தால் சேற்று வாடை போய்விடும். சாம்பல் போட்டுத் தேய்த்து, செதிலைச் சுரண்ட வேண்டும். அது சுலபத்தில் வராது, கத்தி மழுங்கும். மிளகும் உள்ளியும் அரைத்துப் புளி விட்டு வற்றவைப்பா. காய்ச்சல் கிடந்து எழும்பியவருக்கு முதல் சோற்றோடு அந்தக் கறிதான். வங்காளிகளும் அசாமியரும் நோயாளிக்கு இதையே விரும்பிக் கொடுக்கிறார்கள். வியட்நாமிலும் தாய்லாந்திலும் குளம் வெட்டி வளர்க்கிறார்கள். எங்களிடம் அது வயல் மீன், ஏழை மீன். கலியாண வீட்டில் வைக்கமாட்டோம். எழுவான்கரைச் சம்பந்தி வந்தால் கடல் மீன் தேடி ஓடுவோம்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தது. மட்டக்களப்பில் அதைக் கடந்து வந்தவர்கள் யாரும் அந்தத் திகதியை மறக்கவில்லை. விடிந்தபோது எங்கள் வளவில் நின்ற தென்னைகள் ஒரே பக்கமாய் விழுந்து கிடந்தன. கூரை இல்லை. முற்றத்தில் கணுக்காலளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில், விழுந்த ஓலைகளுக்கிடையே, பனையான்கள் நிம்மதியாக ஏறிக்கொண்டிருந்தன. மேட்டுப் பக்கமாக, எங்கள் சாமியறை இருந்த பக்கமாக. அன்று யாரும் குனிந்து ஒன்றையும் எடுக்கவில்லை. அப்புச்சி நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாடுகளைத் தேடப் போனார்.

போர் வந்தது. படுவான்கரை எத்தனையோ தடவை எழும்பிப் போனது. கடைசிப் பெரிய இடப்பெயர்வு 2007 மார்ச்சில். இதையெல்லாம் எழுதும்போது மீன் தரையில் நடப்பதையும் எங்கள் சனம் நடந்ததையும் சேர்த்து எழுதேன் என்று ஒரு பத்திரிகை நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பனையான் போவது தன் விருப்பத்தில். மழை அழைக்கிறது, முட்டை இருக்கிறது, போகிறது. அதை யாரும் துரத்தவில்லை.

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தார்கள். பாதை நின்றது. முன்பு அரை நாள் தின்ற பயணம் இப்போது கொஞ்ச நேரம்தான். நான் ஊருக்கு அடிக்கடி போகத் தொடங்கியது அதற்குப் பிறகு. மாரியில் போன ஒரு முறை மருமகனோடு வட்டைக்குப் போனேன். மழை அதேபோலத்தான் பெய்தது. கோரைக்குள் சத்தம் குறைந்திருந்தது. காரணம் ஒன்றல்ல. 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்து விட்ட ஆபிரிக்கத் திலாப்பியா குளங்களையெல்லாம் பிடித்துக்கொண்டது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் எங்கள் சின்ன வயதிலும் அது இருந்தது, பனையானும் இருந்தது. களைநாசினியும் கிருமிநாசினியும் அதைவிடக் கொடியவை. விதைத்துச் சில நாளில் அடிக்கிற மருந்து, முட்டை பொரிந்து குஞ்சு நீரை மட்டுமே நம்பியிருக்கிற அதே காலத்தில் வயலில் நிற்கிறது.

இன்னொன்றை மீன் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. கொங்கிரீட் வாய்க்கால். மண் வாய்க்காலின் கரை சரிவாயிருக்கும், புல் முளைத்திருக்கும், வழியும் நீர் மெல்லியதாய் எல்லா இடமும் பரவும். புது வாய்க்காலின் சுவர் நேர்க்குத்து, வழுவழுப்பு. மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்கு நீரை இறக்கும் இடத்தில் இடுப்பளவு சுவர். நீர் அதிலிருந்து தொப்பென்று விழுகிறது. பட்டையில் வெடிப்பிருந்தால் பனையில் ஏறலாம், பூச்சுச் சுவரில் எந்த முள்ளை எங்கே ஊன்றுவது? அந்தச் சுவரின் அடியில் பனையான்கள் திரண்டு முட்டிக்கொண்டு நின்றதைக் கண்டேன். கொக்குகளுக்குக் கொண்டாட்டம். தண்ணீர் வீணாகாமல் கடைக்கோடி வயலுக்கும் போகிறது என்பதால் விவசாயிக்கு அந்த வாய்க்கால் வேண்டும்; நானும் வயல்காரன் வீட்டுப் பிள்ளை, அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தச் சுவரைக் கட்டும்போது ஒரு ஓரத்தில் கல்லடுக்கிச் சரிவு விட எவ்வளவு செலவாகியிருக்கும்?

மருமகன் அதைத் தன் பாட்டில் செய்திருந்தான். உரப்பைகளில் மண் நிரப்பி, சுவரின் ஒரு பக்கமாகப் படிப்படியாய் அடுக்கி, மேலே புல்லும் போட்டிருந்தான். மீனைக் காக்கவேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. மேலே ஏறி வருகிறதை அவன் வயல் வக்கடையில் பறி வைத்துப் பிடிக்கிறான். மூலை வயலுக்கு மருந்தும் அடிப்பதில்லை, அங்கே தாரா விட்டிருக்கிறான். பறிக்குத் தப்பியது அந்த மூலையில் முட்டை போடுகிறது.

நாங்கள் நிற்கும்போதே வயல்களுக்குத் தண்ணீர் விடுவதை மேற்பார்க்கும் வட்டவிதானை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வாய்க்காலில் மூட்டை அடுக்கித் தண்ணீரை மறிக்கிறான் என்று கீழ் வயல்காரர் முறைப்பாடு.

"மறிக்கல்ல. பாருங்க, தண்ணி ஓடுதுதானே?"

"ஓடுது. ஆனா நீ வெச்சது வெச்சதுதானே. நாளைக்கு எல்லாரும் ஆளுக்கு நாலு மூட்டை கொண்டந்து போட்டா?"

கொஞ்ச நேரம் இழுபறிப்பட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவன் வாய்க்கால் விஷயத்தில் நியாயம் பேசினால் இரண்டு பக்கமும் சேர்ந்து திட்டும். விதைப்பு முடியும்வரை மூட்டை இருக்கட்டும், குளத்துக் கதவு திறக்க முதல் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதற்குள் வட்டவிதானையின் கண் பறிப் பக்கம் போய்விட்டது. மருமகன் சிரித்துக்கொண்டே பறியைத் தூக்கிக் கொட்டினான். ஏழெட்டு நல்ல பனையான், ஒவ்வொன்றும் சாண் நீளம். அவர் சைக்கிள் பெட்டியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார்.

"பை நிக்காது, வாளி தாறன் கொண்டு போங்க" என்றான் மருமகன்.

"வீடு கிட்டத்தானே" என்று சொல்லிவிட்டு, பையை முடிந்து கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு புறப்பட்டார். வரம்பு முடக்குக்குப் போகுமுன்னரே இரண்டு இடத்தில் தண்ணீர் பீச்சியடித்தது.